12 ஏக்கருக்கு டெண்டர், 190 ஏக்கருக்கு பிளான்: டொராண்டோ கீசைட் கதை

கீசைட் பத்தி யார்கிட்ட கேட்டாலும் ஒரே வரில முடிச்சிருவாங்க, கூகிள்காரன் டொராண்டோல ஏரிக்கரைல கேமராவும் சென்சாரும் வச்சு ஒரு குட்டி ஊர் கட்டப் பாத்தான், ஜனங்க சண்ட போட்டு விரட்டிட்டாங்க, அவ்ளோதான்னு. பாதி சரி. ஆனா விரட்டுனது ஜனங்க மட்டும்னும் சொல்ல முடியாது, சண்ட சென்சாருக்காக மட்டும்னும் சொல்ல முடியாது. நான் டவுன் பிளானிங் படிச்ச ஆள் இல்ல, ஆனா இந்த விஷயத்துல வெளிய வந்த பேப்பர்களை ஒரு பைத்தியம் மாதிரி படிச்சிருக்கேன், படிக்கப் படிக்க எனக்குத் தோணுனது ஒண்ணுதான். ரெண்டரை வருஷம் கூட்டம் போட்டு கருத்துக் கேட்டாங்க, ஆனா எதப் பத்தி கருத்துக் கேட்டாங்களோ அது ஒண்ணு, எதுல முடிவு தொங்கிட்டு இருந்துச்சோ அது வேற ஒண்ணு.

மொதல்ல இடத்த சொல்லிடறேன். லேக் ஒன்டாரியோ கரைல, டவுன்டவுனுக்குக் கொஞ்சம் கிழக்க, பார்லிமென்ட் ஸ்ட்ரீட் தெக்க வந்து தண்ணிய முட்டுற எடம். குயின்ஸ் கீ ஈஸ்ட் ரோடு அங்க போகுது, தலைக்கு மேல கொஞ்சம் தள்ளி கார்டினர் எக்ஸ்பிரஸ்வே, பக்கத்துல ஒரு காலத்துல சோயா மில் ஓடுன பழைய சைலோ, அதாவது உயரமான தானியத் தொட்டிங்க, நிக்கும். பார்க்கிங், பழைய கட்டடம், தார் ரோடு, இவ்ளோதான் மொத்த சொத்து. சுமார் 12 ஏக்கர். பெருசா ஒண்ணும் இல்ல. ஆனா அதத் தாண்டி கிழக்க போனா போர்ட் லேண்ட்ஸ்னு ஒரு பெரிய பரப்பு, ஒரு காலத்துல அது சதுப்பு நிலம், அத மண்ணக் கொட்டி நெரப்பி துறைமுகத்துக்கும் ஃபேக்டரிக்கும்னு ஆக்கினாங்க, அந்த வேகத்துல டான் ஆத்தையும் முகத்துவாரத்துல புடிச்சு செங்கோணமா திருப்பி கீட்டிங் சானல்னு ஒரு கான்கிரீட் வாய்க்கால்ல விட்டாங்க. ஆறு தொண்ணூறு டிகிரில திரும்புமா? பெரிய மழை வந்தா எங்க போகும்னு யோசிச்சுப் பாருங்க. அதனால அந்தப் பகுதி முழுக்க வெள்ள அபாயப் பகுதி, பெரிய கட்டடம் எதுவும் கட்ட முடியாம கெடந்த நிலம். இத ஞாபகம் வச்சுக்கோங்க, கடைசில வருவேன்.

இந்தக் கரைய சரி பண்ணணும்னு 2001-ல மத்திய அரசு, ஒன்டாரியோ மாகாண அரசு, டொராண்டோ மாநகராட்சி மூணும் சேந்து வாட்டர்ஃப்ரன்ட் டொராண்டோன்னு ஒரு பொது நிறுவனத்த உருவாக்கினாங்க, ஆளுக்கு 50 கோடி கனடா டாலர் போட்டு. மூணு முதலாளி இருக்கிற வேலைக்காரன் நெலமை எப்படி இருக்கும்னு தனியா சொல்ல வேண்டியதில்ல. 2011-ல மேயர் ராப் ஃபோர்டோட அண்ணன் டக் ஃபோர்டு, அப்ப கவுன்சிலர், திடீர்னு போர்ட் லேண்ட்ஸுக்கு வேற ஒரு கனவ எடுத்துட்டு வந்தாரு, ராட்சச ராட்டினம், மெகா மால், மோனோரயில்னு. வருஷக்கணக்கா ஜனங்ககிட்ட பேசிப் பேசி தயார் பண்ணுன பிளான தூக்கிப் போட்டுட்டு இது. ஊர் பொங்கிருச்சு, மக்கள் குழுக்கள் கிளம்பிச்சு, அந்த செப்டம்பர்லயே கவுன்சில் பின்வாங்கிருச்சு. இத எதுக்கு சொல்றேன்னா, 2017-ல கூகிள் குடும்பத்து ஆளுங்க வந்து எறங்குனப்ப அவங்க எறங்குனது வெத்து ஊர்ல இல்ல. ஏரிக்கரை விஷயத்துல ஏற்கனவே ஒரு தடவ ஜெயிச்சுப் பழகின ஊர். இன்னொரு தமாஷ், அந்த ராட்டின ஃபோர்டுதான் 2018 ஜூன்ல மாகாண முதல்வர் ஆகி, வாட்டர்ஃப்ரன்ட் டொராண்டோவோட மூணு முதலாளில ஒருத்தரா திரும்பி வர்றாரு.

2017 மார்ச்ல கீசைட்டுக்கு "புதுமை மற்றும் நிதி பங்குதாரர்" வேணும்னு அழைப்பு போட்டாங்க. பேரக் கவனிங்க, பில்டர் வேணும்னு கேக்கல. பதில் குடுக்க ஆறு வாரம்தான் டைம். அதுல ஜெயிச்சது சைட்வாக் லேப்ஸ், கூகிளோட தாய்க் கம்பெனி ஆல்ஃபபெட்டோட பிள்ளை, நியூயார்க் மேயர் புளூம்பெர்க்கிட்ட துணை மேயரா இருந்த டான் டாக்டராஃப் அதுக்குத் தலைவர். 2017 அக்டோபர் 17 அன்னிக்கு பிரதமர் ட்ரூடோ, முதல்வர் கேத்லீன் வின், மேயர் ஜான் டோரி, ஆல்ஃபபெட் பக்கம் எரிக் ஷ்மிட் எல்லாரும் மேடை ஏறி அறிவிச்சாங்க. திட்டம் போடுறதுக்கு மட்டும் சைட்வாக் 5 கோடி அமெரிக்க டாலர் போடும்னாங்க. எங்க கைல ஒரு ஊரக் குடுத்து பொறுப்பையும் குடுத்தா என்னென்ன பண்ணலாம்னு நாங்க பேசிப்போம்னு ஷ்மிட் மேடைல சிரிச்சுக்கிட்டே சொன்னாரு, அது அப்படி நடக்காது, அதுக்கு நியாயமான காரணங்கள் இருக்குன்னும் சேத்தேதான் சொன்னாரு, ஆனா ரெண்டாவது பாதி யாருக்கு ஞாபகம் இருக்கும். மொத பாதி மட்டும் ரெண்டரை வருஷம் அவங்க பின்னாடியே ஓடி வந்துச்சு.

அந்த மேடைக்குப் பின்னாடி நடந்தது ஒரு வருஷம் கழிச்சுதான் தெரிஞ்சுது. 2018 டிசம்பர்ல ஒன்டாரியோ ஆடிட்டர் ஜெனரல் பானி லைசிக் குடுத்த அறிக்கைல, அழைப்பு வெளிய வர்றதுக்கு முன்னாடியே சைட்வாக்குக்கு மத்தவங்களவிட அதிகமா தகவல் போயிருக்கு, ஒப்பந்தத்தப் படிச்சு ஓகே சொல்ல போர்டுக்கு ஒரு வார இறுதி டைம்தான் கெடச்சிருக்குன்னு எழுதிட்டாங்க. சனி ஞாயிறு. நம்மாளுங்க பிளாட் வாங்குறதுக்கே வில்லங்க சான்றிதழ் எடுத்து பதினஞ்சு நாள் வக்கீல் ஆபீசுக்கு அலைவோம்.

சரி, அவங்க சொன்ன திட்டம் மோசமான்னா, இல்ல. இங்கதான் நான் எதிர்ப்பாளர்கள்கிட்ட இருந்து கொஞ்சம் வெலகி நிக்கிறேன். கட்டடம் எல்லாம் பெருவாரியா மரத்துல, அதுவும் ரெண்டு மாடி மூணு மாடி இல்ல, முப்பது மாடி அளவுக்கு போற கட்டடங்கள், அதுக்கு கனடா மரமே, அதுக்குன்னு ஒன்டாரியோல ஒரு ஃபேக்டரி. நடைபாதைக்கு அறுகோணக் கல்லு, அடில சூடு, பனி தானா உருகும். மழை காத்து வந்தா கட்டடத்துக்கு மாட்டி விடுற ரெயின்கோட் மாதிரி ஒரு மறைப்பு. குப்பைய குழாய் வழியா காத்தடிச்சு இழுக்கிற சிஸ்டம். வீடுகள்ல 40 சதவீதம் மார்க்கெட் வெலைக்குக் கீழ. கீழ கடை, மேல ஆபீஸ், அதுக்கு மேல வீடு, கடைய எப்ப வேணா ஆபீசா மாத்தலாம், ஆபீச எப்ப வேணா கிளினிக்கா மாத்தலாம். டொராண்டோ கரைய இதுக்கு முன்னாடி பாத்தவங்களுக்கு இதோட அருமை தெரியும், கண்ணாடி டவரா அடுக்கி வச்சு ஏரிய மறச்சிருக்காங்க. அதோட ஒப்பிட்டா இது நல்லாதான் இருந்துச்சு. வாடகை குடுத்துக் குடுத்து நொந்துபோன டொராண்டோ கிழக்குல இருக்கிற எங்க ஸ்கார்பரோ பக்க ஆளுக்கு 40 சதவீதம்னு கேட்டா காது கொஞ்சம் நிமிராம இருக்குமா.

பொதுக்கூட்டங்களுக்கு வருவோம். மொத கூட்டம் 2017 நவம்பர் 1, செயின்ட் லாரன்ஸ் சென்டர்ல. அப்புறம் வட்டமேசைக் கூட்டங்கள், 36 பேர் கொண்ட ஊர்மக்கள் குழு, சின்னப் பசங்களுக்கு கேம்ப், 2018 ஜூன்ல ஒரு பழைய மீன் பதப்படுத்துற ஃபேக்டரிய நீலக் கலர் அடிச்சு 307-னு பேர் வச்சு தெறந்தாங்க, 307 லேக்‌ஷோர் ஈஸ்ட்ங்கிறது அதோட அட்ரஸ், அங்க போய் சூடாகுற கல்ல மிதிச்சுப் பாக்கலாம், மர உத்தரத்த தொட்டுப் பாக்கலாம், ஒட்டுற சீட்டுல உங்க ஆசைய எழுதி செவுத்துல ஒட்டலாம். மொத்தம் 21,000 பேருக்கு மேல கலந்துக்கிட்டாங்கன்னு சைட்வாக் பின்னாடி கணக்கு சொன்னுச்சு. சின்ன கணக்கில்ல அது. எத்தன ஊர்ல ஒரு திட்டத்துக்கு இவ்ளோ பேர்கிட்ட பேசிருப்பாங்க.

ஆனா கேள்வி என்னவா இருந்துச்சுன்னு பாருங்க. உங்க தெரு எப்படி இருக்கணும், நாலு மணிக்கு மேல குழந்தைங்க எங்க வெளாடணும், பெரியவங்களுக்கு பெஞ்சு எங்க வேணும். பதில் சொல்ல இதமான கேள்விகள். இந்த நிலத்துல முடிவெடுக்கிறது யாரு, நிலம் என்ன வெலைக்குப் போகுது, திட்டம் எத்தன ஏக்கர்ல நிக்கும், லாபம் வந்தா யாருக்கு, நஷ்டம் வந்தா யாருக்கு, இந்தக் கேள்விக்கெல்லாம் செவுத்துல சீட்டு ஒட்ட எடமே கெடையாது. கேட்டவங்க இல்லாம இல்ல, பியாங்கா வைலின்னு ஒரு அம்மா, டெக் ரீசெட் கனடான்னு ஒரு குழுவ ஆரம்பிச்சவங்கள்ல ஒருத்தர், ஆரம்பத்துல இருந்து இதத்தான் கேட்டுட்டே இருந்தாங்க, இது டெக்னாலஜி விவாதம் மாதிரி தெரியுது ஆனா நிஜத்துல ஜனநாயக விவாதம்ங்கிற மாதிரி. கூட்டத்துல அவங்களுக்குக் கெடச்ச பதில், அதெல்லாம் பின்னாடி திட்டத்துல வரும், இப்ப பேசுனா முந்திரிக்கொட்டைங்கிற ரகம். சைட்வாக் பக்கமும் ஒரு நியாயம் இருந்திருக்கலாம், திட்டமே எழுதாம கணக்கு எப்படி சொல்றது. ஆனா எழுதி முடிச்ச பிறகு மாத்தச் சொன்னா, இவ்ளோ தூரம் வந்துட்டோமே இப்பப் போய் கேக்குறீங்களேம்பாங்க. கல்யாண மண்டபத்துல எல வரிசை போட்ட பிறகு ஜாதகம் கேட்ட மாதிரி.

அந்த எடத்த நெரப்புனது டேட்டா விவாதம். தெருல சென்சார் வச்சா அந்தத் தகவல் யாரோடது? வீட்டுக்குள்ள நடக்கிறதுன்னா சம்மதம் கேக்கலாம், தெருல நடந்து போறவன்கிட்ட எப்படி சம்மதம் கேப்பீங்க, ரோட்டுக்கு அந்தப் பக்கம் போகணும்னா ஐ அக்ரீ அமுக்கணுமா? இது நிஜமான கேள்வி, நான் கொறச்சு சொல்லல. ஒன்டாரியோவுல தனியுரிமை ஆணையரா இருந்த ஆன் கவூக்கியன சைட்வாக் ஆலோசகரா வச்சிருந்துச்சு, அவங்க போட்ட கண்டிஷன் ரொம்ப சிம்பிள், தகவல் எடுக்குற எடத்துலயே, எடுக்குற அந்த நொடியிலயே, ஆள அடையாளம் காட்டுற எல்லாத்தையும் அழிச்சிரணும். நாங்க அழிச்சிருவோம், ஆனா அங்க வர்ற மத்த கம்பெனிகளும் அப்படித்தான் பண்ணும்னு எங்களால கட்டாயப்படுத்த முடியாதுங்கிறதுதான் சைட்வாக்கோட நெலமைன்னு தெரிஞ்ச உடனே கவூக்கியன் 2018 அக்டோபர்ல ராஜினாமா பண்ணிட்டாங்க. அதே மாசம் டிஜிட்டல் ஆலோசனைக் குழுல இருந்து சாதியா முசாஃபரும் வெலகுனாங்க, பொதுமக்கள் நம்பிக்கைய காப்பாத்துற அக்கற இல்லன்னு ஒரு காட்டமான கடிதத்தோட. பிளாக்பெர்ரி ஃபோனக் குடுத்த கம்பெனிய நடத்துன ஜிம் பால்சிலி, கனடாவோட அறிவுச்சொத்து எல்லாம் அமெரிக்காவுக்குப் போயிரும்னு பத்திரிகைல எழுதினாரு. சைட்வாக் இதுக்கெல்லாம் பதிலா, தகவல நாங்க வச்சுக்கல, நகர்ப்புற டேட்டா டிரஸ்ட்னு தனியா ஒரு அமைப்பு வச்சுக்கட்டும்னு ஒண்ணு கொண்டு வந்தாங்க. அது எந்த சட்டத்துக்குக் கீழ வரும், சட்டம் இருக்கிற எடத்துல தனியார் கம்பெனி எதுக்குப் புது ஆணையம் பண்ணுதுன்னு அதுவே புது சண்டையாச்சு.

உலகம் முழுக்க பத்திரிகைகாரங்க இந்த சென்சார் கதையத்தான் எழுதினாங்க. எழுதறதுக்கு நல்லாருக்கும் இல்லையா, கூகிள், கண்காணிப்பு, எதிர்கால நகரம். நிலக் கணக்கு அப்படியா, பாதிப் பேரு ரெண்டாவது பத்திலயே தூங்கிருவான்.

ஆனா உள்ள இருந்து கதவ சாத்திட்டு வெளிய வந்தவங்க பேசுனது நிலக் கணக்குதான். 2017-ல போட்ட மொத ஒப்பந்தம் பொதுமக்கள் கண்ணுக்கு வரல. 2018 ஜூலைல அதுக்குப் பதிலா புது ஒப்பந்தம் போட்டு அத வெளியிட்டாங்க, அதே ஜூலைலதான் வாட்டர்ஃப்ரன்ட் டொராண்டோவோட தலைமை அதிகாரி பதவிய விட்டுப் போறாரு, போர்டுல இருந்த ஜூலி டி லொரென்சோ ராஜினாமா பண்றாங்க. அவங்க ஆக்டிவிஸ்ட் கெடையாது, வருஷக்கணக்கா கட்டடம் கட்டி வித்த டெவலப்பர். கம்ப்யூட்டர் விஷயத்துல பயந்து வெலகுனவங்க இல்ல, கட்டடத் தொழில்ல ஒப்பந்தம்னா என்னன்னு தெரிஞ்சு வெலகுனவங்க. என்னக் கேட்டா மொத்தக் கதைலயும் உஷாரா கவனிச்சிருக்க வேண்டிய மணி அதுதான். டிசம்பர்ல ஆடிட்டர் அறிக்கை வந்த கையோட ஃபோர்டு அரசாங்கம் மாகாணம் சார்பா போர்டுல இருந்த மூணு பேரத் தூக்கிருச்சு.

2019 பிப்ரவரில டொராண்டோ ஸ்டார் பத்திரிகை கைக்கு சைட்வாக் கம்பெனிக்குள்ள வச்சிருந்த ஸ்லைடுகள் கெடச்சுது. அதுல இருந்த ஐடியா இதுதான், கொஞ்சம் பொறுமையா படிங்க. கிழக்குக் கரைக்கு ஒரு டிராம் லைன் வேணும், அரசாங்கத்துகிட்ட காசு இல்ல, சைட்வாக் முன்பணம் போட்டு லைனும் மத்த வசதியும் வர வைக்கும். லைன் வந்தா போர்ட் லேண்ட்ஸ் நிலத்தோட மதிப்பு ஏறும், ஏறுன மதிப்புக்கு சொத்து வரி கூடும், கட்டடம் கட்ட வர்றவங்க கட்டுற வளர்ச்சிக் கட்டணம் கூடும். அந்தக் கூடுதல்ல ஒரு பங்கு வருஷா வருஷம் சைட்வாக்குக்கு. நம்ம ஊர் பாஷைல சொன்னா, பைபாஸ் வரப்போகுதுன்னு தெரிஞ்சு நிலம் வாங்கிப் போடுறவன் ஒரு ரகம், இங்க பைபாசையே நான் போடறேன், ரெண்டு பக்கமும் ஏறுற வெலைல எனக்குப் பங்கு குடுன்னு கேக்குற ரகம். தப்பான ஐடியான்னு ஒரேயடியா சொல்ல மாட்டேன், வருங்கால வரிய அடமானம் வச்சு இன்னிக்கு ரயில் போடுறது பல ஊர்ல அரசாங்கமே பண்ற வேலைதான். அரசாங்கம் பண்றது வேற, 12 ஏக்கர் கீசைட்டுக்குத் தேர்வான ஒரு தனியார் கம்பெனி, தனக்குக் குடுக்கவே குடுக்காத நிலத்தோட வரியக் கேக்குறது வேற. இடத்தக் கொடுத்தா மடத்தப் புடுங்குவான்னு சொல்லுவோம், இங்க இடத்தயே இன்னும் குடுக்கல, மடத்துக்கு வாடகை கணக்கு எழுதி முடிச்சுட்டாங்க.

அந்த லீக்தான் எல்லாத்தையும் மாத்துச்சு. அதுவரைக்கும் டேட்டா புரிஞ்சவங்க மட்டும் பேசிட்டு இருந்த விஷயம், வரி கட்டுற எல்லாருக்கும் புரியுற விஷயமாச்சு. அந்த மாசமே, சைட்வாக்கத் தடுங்கன்னு அர்த்தம் வர்ற மாதிரி, பிளாக்சைட்வாக்னு ஒரு மக்கள் இயக்கம் கெளம்பிச்சு, வாடகைதாரர் உரிமைக்குப் போராடுறவங்க, டெக் ஆளுங்க, ஊர்க்காரங்கன்னு கலவையா. ஏப்ரல்ல கனடா சிவில் லிபர்ட்டீஸ் அசோசியேஷன் மூணு அரசாங்கத்து மேலயும் வாட்டர்ஃப்ரன்ட் டொராண்டோ மேலயும் கேஸ் போட்டுச்சு, அது தனியுரிமை கேஸ். ஆதரிச்சவங்களும் இருந்தாங்க, வேல வரும், முதலீடு வரும், இத விரட்டுனா அப்புறம் எவன் வருவான்னு, அவங்க எல்லாம் கூகிள் கைக்கூலின்னு சொல்றது நியாயம் இல்ல. சண்ட சூடான பிறகு நடுவுல நிக்க யாருக்கும் எடம் இல்லாம போச்சு, அது இந்த மாதிரி விஷயங்கள்ல எப்பவும் நடக்கறது.

2019 ஜூன் 24, திட்டம் வந்துச்சு. நாலு தொகுதி, 1,524 பக்கம். நான் முழுசும் படிச்சேன்னு பொய் சொல்ல மாட்டேன். அழகான படங்கள், வாட்டர்கலர் மாதிரி வெளிச்சம், நெறைய குழந்தைங்க சைக்கிள்ல. சைட்வாக்கும் கூட்டாளிங்களும் சேந்து 130 கோடி கனடா டாலர் போடுவாங்க, 2040-க்குள்ள 44,000 நேரடி வேல வரும்னு அவங்க கணக்கு. ஆனா 12 ஏக்கருக்குன்னு கேட்ட திட்டம் 190 ஏக்கருக்கு ஐடியா டிஸ்ட்ரிக்ட்னு வந்திருக்கு, கீசைட்டோட பக்கத்துல, போர்ட் லேண்ட்ஸ்ல உருவாகப் போற வில்லியர்ஸ் தீவோட மேற்குப் பகுதியையும் நாங்களே கட்டுறோம், அங்க கூகிளோட கனடா தலைமை ஆபீஸ் வரும், மத்த எடத்துக்கு புதுசா ஒரு பொது நிர்வாக அமைப்பு வேணும், சில சட்ட விதிகள மாத்தணும், டிராம் லைனுக்கு அரசாங்கம் உத்தரவாதம் குடுக்கணும்னு வரிசையா கண்டிஷன்.

அன்னிக்கே, அதே நாள்ல, வாட்டர்ஃப்ரன்ட் டொராண்டோ போர்டு சேர்மன் ஸ்டீபன் டயமண்ட் ஒரு திறந்த கடிதம் போட்டாரு. இவரும் பிராப்பர்ட்டி தொழில்ல ஊறுன ஆளு. மரியாதையா எழுதிருந்தாலும் விஷயம் கறார், 190 ஏக்கர் பேச்சு இப்ப வேண்டாம், கீசைட்ல மொதல்ல செஞ்சு காட்டுங்க, டெண்டர் இல்லாம முன்னணி டெவலப்பர் ஆகுறதுக்கு நாங்க ஒத்துக்கல, ரயிலுக்கும் சட்டத்துக்கும் உத்தரவாதம் குடுக்கிற அதிகாரம் எங்களுக்கே கெடையாது. பொதுமக்கள் படிக்கிறதுக்குன்னு தனியா ஒரு விளக்கக் குறிப்பும் போட்டாங்க. ரெண்டு வருஷமா பங்குதாரர் பங்குதாரர்னு கூடவே நடந்த பொது நிறுவனம் மொத தடவையா எதிர்ப்பக்கம் உக்காந்து பேசுச்சு. செப்டம்பர்ல அவங்களோட டிஜிட்டல் ஆலோசனைக் குழு, சட்டப் பேராசிரியர் மைக்கேல் கைஸ்ட் தலைமைல, இந்த டெக்னாலஜில சிலது தேவையே இல்லாம டெக்னாலஜிக்காகவே போட்ட டெக்னாலஜி மாதிரி இருக்குன்னு எழுதுச்சு.

அதுக்கப்புறம் நடந்ததுதான் என்னைப் பொறுத்தவரைக்கும் இந்த கேசோட நடு எலும்பு, ஆனா இதப் பத்தி யாரும் ரொம்ப பேச மாட்டாங்க, ஏன்னா ரொம்ப சாதா விஷயம். அடிப்படைப் பிரச்சினைகள்னு ஒரு பட்டியல் போட்டாங்க, 2019 அக்டோபர் 31-க்குள்ள இதுல ஒத்துவரலன்னா ஒப்பந்தம் அங்கயே முடியும்னு தேதி வச்சாங்க. அவ்ளோதான். தேதியும் பட்டியலும். அந்த நாள் வந்தப்ப சைட்வாக் கிட்டத்தட்ட எல்லாத்தையும் விட்டுக் குடுத்திருந்துச்சு. 190 ஏக்கர் போச்சு, திரும்ப 12 ஏக்கர். டேட்டா டிரஸ்ட் போச்சு, இருக்கிற தனியுரிமை சட்டத்துக்குக் கீழ வரும். நிலம் மார்க்கெட் வெலைக்கு. சாலை, குழாய் மாதிரி பொது வசதிக்கு வாட்டர்ஃப்ரன்ட் டொராண்டோவே தலைமை. ரெண்டு வருஷம் சீட்டு ஒட்டி நகராத கல்லு நாலு மாசத்துல நகந்துச்சு.

இத வச்சு கூட்டம் எல்லாம் வீண்னு நான் சொல்ல வரல. பட்டியல்ல இருந்த ஒவ்வொரு விஷயமும் கூட்டத்துலயும் கட்டுரைலயும் ராஜினாமா கடிதத்துலயும் யாரோ ஒருத்தர் முன்னாடியே கத்துனதுதான். வெளில அந்த சத்தம் இல்லன்னா போர்டுக்கு பட்டியல் போடுற தைரியம் வந்திருக்காது, போர்டு பட்டியல் போடலன்னா சத்தம் சத்தமாவே போயிருக்கும். ஆனா வரிசைதான் தலைகீழ். அந்தப் பட்டியல 2017 மார்ச்லயே, டெண்டரோட மொத பக்கத்துலயே போட்டிருந்தா? எத்தன ஏக்கர், நிலம் யார் பேர்ல, வரில கை வைக்கக் கூடாது, எந்த சட்டம் பொருந்தும்னு நாலே வரி. அதுக்கப்புறம் பெஞ்சு எங்க போடலாம்னு ஊரக் கூட்டி கேட்டிருந்தா அந்த 21,000 பேரோட பேச்சுக்கு எவ்ளோ மதிப்பு வந்திருக்கும். அந்தப் பேர்ல பல பேரு நல்ல மனசோட வந்து மெனக்கெட்டு உக்காந்து எழுதிக் குடுத்தவங்க, அவங்க எழுதுனது எல்லாம் ஒரு கம்பெனியோட பிரசன்டேஷன்ல ஒரு எண்ணிக்கையா மட்டும் நின்னுபோச்சு.

அக்டோபருக்கு அப்புறம் விஷயம் கொஞ்சம் ஆறிருச்சு. 2020 பிப்ரவரில வாட்டர்ஃப்ரன்ட் டொராண்டோ மதிப்பீடு வந்துச்சு, சைட்வாக் சொன்ன 160 யோசனைல 144-க்கு ஆதரவுன்னு. எதிர்த்தவங்களுக்கு அதிர்ச்சி. மே மாசம் போர்டோட இறுதி ஓட்டு, கொரோனா வந்ததும் ஜூன் 25-க்குத் தள்ளிப் போச்சு. ஓட்டு நடக்கவே இல்ல. 2020 மே 7, டாக்டராஃப் ஒரு பதிவு போட்டாரு, உலகப் பொருளாதாரமும் டொராண்டோ ரியல் எஸ்டேட்டும் இவ்ளோ நிச்சயம் இல்லாம இருக்கறப்ப 12 ஏக்கர் திட்டத்த அதோட அடிப்படைய விட்டுக்குடுக்காம லாபத்துல ஓட்ட முடியாதுன்னு வெலகிட்டாரு.

கொரோனாதான் காரணமா? அவரு சொன்னது பொய்னு சொல்ல மாட்டேன், அந்த மே மாசம் யாருதான் டவர் கட்ட காச எறக்குவாங்க. ஆனா கணக்கு அக்டோபர்லயே இளைச்சுருச்சுன்னுதான் தோணுது. புது டெக்னாலஜிக்கு ஆராய்ச்சி செலவு பெருசு, மர ஃபேக்டரி, குழாய்க் குப்பை, இதெல்லாம் 190 ஏக்கர்ல பரப்புனாதான் காசு திரும்பும். 12 ஏக்கர்ல அது ஒரு செலவான பொம்மை. ஜெயிச்சோம்னு பிளாக்சைட்வாக் ஆளுங்க கொண்டாடுனாங்க, கொரோனா கொன்னுருச்சுன்னு ஆதரவாளர்கள் சொன்னாங்க, ரெண்டு பேருமே ஒரே ஆளப் பாத்து ரெண்டு பிரேதப் பரிசோதனை அறிக்கை எழுதின மாதிரி. சைட்வாக் லேப்ஸ் கம்பெனியே 2021 கடைசில கூகிளுக்குள்ள கரஞ்சிருச்சு.

நிலம் கரையல. வாட்டர்ஃப்ரன்ட் டொராண்டோ திரும்ப டெண்டர் போட்டுச்சு, இந்தத் தடவ பில்டர் வேணும்னே கேட்டாங்க. 2022 பிப்ரவரில டிரீம், கிரேட் கல்ஃப்னு ரெண்டு டெவலப்பர் கம்பெனி சேந்த கூட்டணிய தேர்ந்தெடுத்தாங்க. அஞ்சு டவர், 800-க்கும் மேல கட்டுப்படியாகுற வெலை வீடுகள், ரெண்டு ஏக்கர்ல காடு மாதிரி ஒரு பசுமை வெளி, மொட்டமாடில காய்கறி போடுற மாதிரி ஒரு பெரிய மரக் கட்டடம். மரம்! சைட்வாக் விட்டுட்டுப் போன நல்ல சரக்குல அது ஒண்ணு தப்பிச்சுருச்சு. சென்சார்னு வார்த்தைய காணோம். அறிவிப்புல எல்லாம் மரம், செடி, முதியவங்க, வீடு. இதுக்கும் கண்ணாடி டவர்தானேன்னு கொற சொல்றவங்க உண்டு, அஞ்சு டவரப் பாத்தா எனக்கும் அந்த எண்ணம் வருது, 40 சதவீதம்னு கேட்ட காதுக்கு இந்தக் கணக்கு கொஞ்சம் கம்மியாத்தான் கேக்குது.

அந்த ஆத்த மறந்துட்டேன்னு நெனச்சிருப்பீங்க. கீசைட்டுக்காக ஊரே அடிச்சுக்கிட்டிருந்த அதே வருஷங்கள்ல, பக்கத்துலயே மூணு அரசாங்கமும் சேந்து 125 கோடி கனடா டாலர் செலவுல டான் ஆத்துக்கு புது முகத்துவாரம் தோண்டிட்டு இருந்தாங்க. காசு ஒதுக்குனது 2017-ல, சைட்வாக் மேடை ஏறுறதுக்கு நாலு மாசம் முன்னாடி. மண்ணத் தோண்டி, விஷம் ஊறுன மண்ண சுத்தம் பண்ணி, செங்கோணமா ஓடுன ஆத்துக்கு வளைஞ்சு ஓட ஒரு பாதை, நடுவுல ஒரு புது தீவு. அந்த நிலம் எல்லாம் வெள்ளத்துல இருந்து தப்பிச்சு விக்கிற நிலமா மாறுனது இந்த வேலையாலதான், வரி ஏறும் மதிப்பு ஏறும்னு சைட்வாக் ஸ்லைடு போட்டதுக்கு அடில இருந்த மண்ணு இது, பொதுப் பணத்துல தோண்டுன மண்ணு. வில்லியர்ஸ் தீவுன்னு பிளான்ல இருந்ததுக்கு இப்ப ஊக்வெமின் மினிசிங்னு பூர்வகுடி பாஷைல பேரு. 2025 ஜூலைல அங்க பீதாசிகே பார்க்க தெறந்தாங்க, புது ஆத்துல ஜனங்க கயாக் ஓட்டுறாங்க.